அரைக் கட்டைக்கு ஒரு கம்பி

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் ஆண்கள் இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. என்ன கம்பி போடுகிறாய்? கம்பியின் தடிப்பை எண்ணில் சொல்வது வழக்கம். ஆறு கம்பிகளில் மிக மெல்லியது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு என்றால், அந்தக் கட்டுக்கே ஒன்பது என்று பெயர். அதற்கு மேல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும். அழுத்தினால் விரல் நோகும், இழுத்து வளைப்பது பெரும்பாடு. உடற்பயிற்சிக் கூடத்தில் எத்தனை கிலோ தூக்குகிறாய் என்று கேட்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. நான் பல வருடங்களாகப் பதினொன்று என்று சொல்லிவந்தேன்.

சொன்னது பதினொன்று, போட்டிருந்தது ஒன்பது. ஐம்பதை நெருங்கியபோது இடது கை நடுவிரல் காலையில் மடங்க மறுத்தது. வலியோடு ஒரு வருடம் வீரம் காட்டிவிட்டு, ஒருநாள் கடைக்குப் போய் ஒன்பது கேட்டேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. நானாக முந்திக்கொண்டு, மகனுக்கு, இப்போதுதான் பழகுகிறான் என்றேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்குக் கிட்டார் என்றாலே தலைவலி, குறிப்பாக என் கிட்டார்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிறோம். இதைக் குழு என்று சொன்னால் குழுக்கள் கோபித்துக்கொள்ளும். நான் கிட்டார், என் மனைவி பாட்டு. கீபோர்டு வாசிப்பவரை நாங்கள் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிடுவோம். அவர் குடும்பம் பல தலைமுறைகளுக்கு முன் நாகூரிலிருந்து வந்து இங்கே துணிக்கடை போட்டது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஃபேரர் பார்க்கில் தன் வீட்டுக் கூடத்தில் கீபோர்டும் தாளமுமாக நிம்மதியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அங்கேதான் ஒத்திகை. வருடத்துக்கு ஒருமுறை புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் சமூக மன்றத்துப் பொங்கல் மாலையில் பழைய சினிமாப் பாட்டு இரண்டு பாடுவோம். அதில் இரண்டாவது பாட்டின் இடையிசை என்னுடையது. அந்தப் பதினாறு தாளத்துக்காகத்தான் நான் உயிர் வாழ்கிறேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள்.

அவளுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். அந்த இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஓர் இடம் மேலே போகும். அவள் அதைப் படியேறுவது மாதிரி ஏறமாட்டாள், மின்தூக்கியில் போவது மாதிரி போய் நிற்பாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, எனக்கு அதைவிட அதிகம் உண்டு. மன்றத்தில் பாடும் இன்னொரு பெண்மணி ஒரு வருடம் சுருதியைக் குறைத்துப் பாடியபோது, சுருதியை இறக்கிப் பாடுவதற்கு வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம் என்று இவள் சொல்லி, நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அடுத்த வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பயப்படும்படியான கட்டி இல்லை என்று முடிவும் வந்தது. குரல் திரும்பிவிடும், மேல் சுரங்களுக்கு மட்டும் நாளாகலாம், சிலருக்கு அது முழுதாக வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். பேச்சு சீக்கிரமே திரும்பியது. என்னைத் திட்டும் குரல் அதற்கும் முன்னால் திரும்பியது. ஒருநாள் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அந்தச் சரணத்தை எடுத்தாள். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயற்சி செய்யவில்லை. கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனது. அன்று சாப்பிடும்போது, இந்த வருஷம் நான் கீழே உட்கார்ந்து உங்களைப் பார்க்கிறேன், நீங்களும் நானாவும் வாசியுங்கள் என்றாள்.

ஒரு வருடம் விட்டால் அவள் மறுபடி மேடை ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். குளிக்கும்போதும், துணி காயப்போடும்போதும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் பாடுகிறவள். அவள் சத்தமில்லாத வீட்டில் நான் இருந்ததில்லை, இருக்கவும் விரும்பவில்லை. சுருதியை இறக்கிக்கொள் என்று சொல்லவும் முடியாது. அவளே சொல்லி நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் வீட்டில் இருந்தது. ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். நான் போட்ட திட்டங்களின் வரலாறு தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே என்னைத் தடுத்திருப்பார்கள்.

திட்டம் இதுதான். அவளுக்குத் தெரியாமல் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிடுவது. கீபோர்டில் வருவதை வைத்துத்தான் அவள் சுருதி பிடிக்கிறாள், தனியாகச் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்வதில்லை. நானாவிடம் சொன்னேன். அவருக்கு வேலை ஒரு பட்டனோடு முடிந்துவிட்டது. ஆனால் பட்டனை அழுத்தினால் திரையில் எண் தெரியும். உணவங்காடியில் மேசை பிடிக்க வைக்கும் டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அந்தத் திரையின் மேல் வைத்தார். "தங்கச்சி, எனக்குக் கார்ட்ஸ் சரி பார்க்கணும் லா, சும்மா முனகு, போதும்," என்று அவளையும் சம்மதிக்க வைத்தார்.

சிக்கல் என் பக்கத்தில்தான் இருந்தது. உருப்படியாக வாசிக்கத் தெரிந்தவன் கிட்டாரின் கழுத்தில் கையை ஒரு கட்டம் நகர்த்தி வாசித்துவிட்டுப் போவான். எனக்குப் பாட்டு தெரியாது, விரல் வைக்கும் இடம்தான் தெரியும். இடம் மாறினால் புது ஊருக்கு வந்தவன் மாதிரி முழிப்பேன். இதற்கென்று மிதிக்கும் கருவி ஒன்று விற்கிறார்கள், காலால் அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். அதிலும் எவ்வளவு இறங்கியது என்று சிவப்பு விளக்கில் எரியும், என் மனைவிக்குக் கண் நன்றாகத் தெரியும். எனவே ஆறு கம்பிகளையும் தளர்த்தி, கிட்டாரையே அரைக் கட்டை இறக்கினேன்.

ஒன்பதாம் எண் கம்பியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பழைய பைஜாமாவின் எலாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது. தொட்டாலே சுரம் ஓடியது, அழுத்தினால் கர்கர் என்று அடித்துக்கொண்டது. என் இடையிசையைக் கேட்ட நானா வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஆனால் என் மனைவி முனகியபோது, அந்த மேல் இடத்துக்குப் பக்கத்தில் வரை போனாள். முழுதாகப் போகவில்லை. போக முடியும் என்று முகத்தில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே பத்தாம் எண் வாங்கினேன். அரைக் கட்டை இறக்கிய கிட்டாரில் பத்து போட்டால் பழைய ஒன்பதின் விறைப்பு வந்துவிடும். அடுத்த வாரம் இன்னும் அரைக் கட்டை, நாலரைக்கு. அதற்குப் பதினொன்று. ஆக, பல வருடங்களாக நான் அடித்துக்கொண்டிருந்த பொய், மனைவியை ஏமாற்றப் போய் உண்மையாகிவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டு யோக்கியன் ஆனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தடித்த கம்பி கிட்டாரின் தலைப்பக்கத்துப் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. சுருதி சேர்க்கும்போதெல்லாம் டிங் என்று குதித்தது. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று மெல்லிய அரம் விற்கிறார்கள். நான் மனைவி நகம் தேய்க்கும் அரத்தை எடுத்தேன். தேய்க்கத் தேய்க்கச் சுகமாக இருந்தது, தேவைக்கு மேல் தேய்த்துவிட்டேன். கம்பி பள்ளத்துக்குள் புதைந்து முதல் கட்டத்தின் உலோகப் பட்டையில் இடித்தது. இதற்கு வைத்தியம் உண்டு என்று படித்தேன். சமையல் சோடாவைப் பள்ளத்தில் நிரப்பி, மேலே சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் கல் மாதிரி இறுகும். இறுகியது. கூடவே என் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் இறுகின. சோடா டப்பா எங்கே என்று மனைவி கேட்டபோது, ஒட்டிக்கொண்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கிட்டாரைச் சுத்தம் செய்கிறேன் என்றேன்.

வாரத்துக்கு ஒரு கம்பி ஏன் மாற்றுகிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாள். நாதத்தில் கனம் வேண்டும், ஒன்பதில் உயிர் இல்லை, பதினொன்றில்தான் கம்பி பேசும் என்று நான் விளக்கினேன். பசை முழுதாகப் போகாத கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன் என்று நினைக்கிறேன். அவள் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாலரைக் கட்டையில் மூன்றாவது ஞாயிறு, அந்த இடத்தை அவள் எட்டிவிட்டாள். உடையவில்லை. நானா தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு திருடர்கள் மாதிரி கண்ணால் பங்கு பிரித்துக்கொண்டோம். எனக்குக் கால் தரையில் படவில்லை. வெளியே வந்து, தேக்காவில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். அவள் கேட்காமல் நான் பூ வாங்குவது அபூர்வம் என்பதால் அதையும் அவள் குறித்துக்கொண்டிருப்பாள்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் புக்கிட் பாஞ்சாங் வரை மாற வேண்டியதில்லை. இருவருக்கும் இடம் கிடைத்தது. கிட்டாரை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, பொங்கல் மாலைக்கு அவள் எந்தப் புடவை கட்டலாம் என்பதுவரை நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னும் அரைக் கட்டை இறக்குங்க. நாலு வச்சா நல்லா இருக்கும்."

என்ன இறக்குவது, எதை இறக்குவது என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தொண்டை என்னோடதுங்க. எனக்குத் தெரியாதா?"

முதல் நாளே தெரிந்துவிட்டதாம். அரைக் கட்டை இறங்கினால் அவளுக்குக் கழுத்தில் எந்த இடம் தளரும் என்று கையை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில்தான் தழும்பு இருந்தது. அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுத்துவிட்டதால் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"நீங்க விரல்ல பசையோட நின்னுகிட்டு நாதத்துக்குக் கனம் வேணும்னு சொன்னீங்க. அதைக் கேட்டப்புறம் எப்படிப் பாடாம இருக்கிறது? எட்டாம போயிடுமோன்னு இன்னும் பயந்துகிட்டுதான் அங்க போறேன். பயப்படாம ஒரு தடவை பாடணும்."

அதற்குப் பிறகு பூன் லேயில் இருக்கும் மகளைப் பற்றிப் பேசினோம். நான் சரியாகப் பேசினேனா என்று நினைவில்லை.

நாலு கட்டைக்குப் பன்னிரண்டு வேண்டும். இந்த முறை கடைக்கு இருவருமாகப் போனோம். பன்னிரண்டாம் எண் கட்டில் மூன்றாவது கம்பிகூட மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றிய கம்பி, மற்ற கட்டுகளைப் போல வழவழப்பாக இருக்காது. அதை வளைக்க முடியாது, கெஞ்சிப் பார்க்கலாம். இடையிசையில் மூன்று இடங்களை மாற்றி அமைத்தேன். நடுவிரலில் பிளாஸ்டர், இரவில் வெந்நீர். மகனுக்கா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான், பன்னிரண்டு என்று சொல்லியிருப்பேன், கொஞ்சம் சத்தமாகவே.

பொங்கல் மாலையில் மன்றம் நிறைந்திருந்தது. மன்றத்தில் பாடுகிற பெண்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இவள் ஐந்தரைக் கட்டைக்காரி என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்று நாங்கள் கிண்டல் செய்த பெண்மணியும் இருந்தார். திட்டத்தின்படி நானா யாருக்கும் தெரியாமல் சுருதியை வைத்துவிட வேண்டும், முதல் பாட்டை நாங்கள் தொடங்கிவிட வேண்டும். என் மனைவி மைக் முன்னால் வந்து நின்றாள். மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். செய்தது. அப்புறம் திரும்பாமலேயே, மைக்கிலேயே சொன்னாள்.

"நானா, நாலு கட்டை வைங்க."

அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். நானா பட்டனை அழுத்தினார்.

இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்தது. அவள் போனாள். பழைய மாதிரி மின்தூக்கியில் போகவில்லை, படியில் நடந்துதான் போனாள். போய், அங்கே நின்று, சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று நானாவின் கீபோர்டில் கிட்டார் சத்தம் கேட்டது. யார் வாசிக்கிறார்கள் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. என் இடையிசை வந்தும் நான் ஆரம்பிக்காததால் நானா அதை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பதினாறு தாளமும் அவள் முன்வரிசைக்கு முதுகைக் காட்டி என்னைப் பார்த்தபடியே நின்றாள்.