பூமணியின் பென்சில் கோடும் வட்டக்கச்சி வாய்க்காலும்

இந்த வைகாசியில் நான் வட்டக்கச்சிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பதினாலு வயதுப் பூமணி வாய்க்காலை வெட்டி அடுத்த காணிக்காரருக்கு முறை வைத்து விட்ட தண்ணீரை எடுத்தாள் என்று வழக்கு. கோர்ட்டில் அவள் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி குறைவா என்று பார்த்து எழுதும்படி நீதவான் நன்னடத்தை அதிகாரியான என்னிடம் சொன்னார். குறைவென்றால் கொழும்புப் பக்கம் ஒரு விடுதி, இல்லையென்றால் தாயோடு வீடு. கோர்ட்டு விறாந்தையில் வைத்துச் சோதித்தால் நானே மந்தமாகிவிடுவேன். அதனால் வீட்டுக்கே போனேன்.

வவுனியா ஸ்டேசனில் காலைக் கோச்சி ஏறிக் கிளிநொச்சியில் இறங்கினேன். அங்கிருந்து ஐந்து மைல் வாடகைச் சைக்கிள். கிரவல் ரோட்டுப் புழுதியில் சைக்கிளும் நானும் ஒரே நிறமாகிப் போய்ச் சேர்ந்தோம்.

தாய் கதிரை கொண்டுவந்து போட்டார். "அவள் விசரி இல்லை ஐயா. வெளி ஆக்களோட கதைக்கமாட்டாள், அவ்வளவுதான்."

வளைந்து வளைந்து போகும் வழிகள் உள்ள படம் ஒன்றைப் பூமணியிடம் கொடுத்தேன். வாசலிலிருந்து நடுவுக்குப் பென்சிலால் போகவேண்டும். மூடிய சந்துக்குள் நுழைந்தால் பிழை. அவளோ ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்து திரும்பினாள். பிழைகளை எண்ணி ஓரத்தில் எழுதினேன்.

நான் தேத்தண்ணி குடிக்கும்போது அவள் மிளகாய்த் தோட்டத்தில் இறங்கிவிட்டாள். மண்வெட்டியால் ஒரு பாத்தியின் வாயைத் திறப்பாள், நிரம்பியதும் அடைத்து அடுத்ததைத் திறப்பாள்; தண்ணி மாறுவது என்பார்கள். கடைசி மூலைவரை ஒன்றும் தப்பவில்லை. கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"பிள்ளை, கடதாசியிலையும் தண்ணியே மாறினனீ?"

"ஓம். மூலையளைக் காயவிடலாமோ?"

"இது தண்ணி இல்லை, ஆள் நடக்கிற பாதை" என்று புதுப் படம் கொடுத்தேன். ஒரே இழுப்பில் நடுவுக்குப் போய்விட்டாள். வாய்க்கால் வெட்டிய கதையும் வந்தது.

"எங்கட முறை முடியமுந்தி அடுத்த காணிக்காரர் தண்ணியை மறிச்சுப்போட்டார். ரெண்டு பாத்தி வாடிப்போச்சு. அதுக்கு மட்டும் எடுத்திட்டு அடைச்சுவிட்டனான்."

இப்படியான பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் காலைக் கோச்சியையே பிடியுங்கள், மத்தியான வெயில் பொல்லாதது. சைக்கிளுக்குக் காற்று பார்த்து எடுங்கள். படத்தை நீட்டும் முன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

அடுத்த தவணையில் கோர்ட்டில் நீதவான் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இனி வாய்க்கால் வெட்டுவியா?"

"அவர் மறிக்காட்டி வெட்டமாட்டன் ஐயா."

நீதவான் சிரித்துவிட்டு, தாயோடு போகச் சொன்னார். தாய் அழத் தொடங்கினார். பூமணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெதியா வாங்கோ அம்மா, இண்டைக்கு எங்கட முறை."