பின் சீட்டில் ஒன்பது வருடம்

அந்தத் தெருவில் அவனை 'பல்செட்' என்றால்தான் தெரியும். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஈறு புண்ணாகும் என்பதால், அனுப்பும் ஒவ்வொரு செட்டோடும் 'இந்த இடத்தில் உரசலாம்' என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பது அங்கே வழக்கம்.

அந்த வழக்கம்தான் அவன் காரை விற்கவிடாமல் செய்தது.

ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் இப்போது அதில் அவன் கை வைக்காதது முன் கண்ணாடி ஒன்றுதான். வேகத்துக்குப் பெரிய டர்போ, தரையோடு தரையாக இறக்கும் ஸ்பிரிங், பாத்திரக்கடையை உருட்டிவிட்டதுபோல் கத்தும் சைலன்சர், ஓட்டுபவருக்குச் சிவப்பு பெல்ட் வைத்த ரேஸ் சீட்டு. எடை குறையட்டும் என்று பின் சீட்டையே கழற்றிவிட்டான். வேலையில் எல்லாமே அடுத்தவர் வாய்க்குப் பொருந்த வேண்டும். இது ஒன்றாவது தன் மனசுக்குப் பொருந்தட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

மனைவிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இரட்டை.

"ரெண்டையும் டிக்கியில போட்டா கூட்டிட்டு வருவீங்க?" என்று அவள் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். பிரசவத்துக்குள் இதை விற்று நாலு கதவு வண்டி வாங்குவதாக வாக்குக் கொடுத்தான்.

பார்க்க வந்த மூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்கள். வந்தவுடன் இரண்டு பக்கக் குறைப்பட்டியலைக் கையில் திணித்தால் யார்தான் நிற்பார்?

"வித்துட்டு வாங்கன்னா குற்றப்பத்திரிகை வாசிச்சுட்டு வர்றீங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலாவதாக வந்தவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் அந்த முனைக்கும் கேட்கும் குரல் கொண்ட பெண்மணி. பட்டியலை முழுக்க வாசித்தார். வண்டிக்கு அடியில் படுத்தும் பார்த்தார்.

"இவ்ளோ உண்மை பேசறவரை நம்பலாம் சார். ஆனா வண்டிய என் பேருக்கு மாத்தணும்னா போக்குவரத்து ஆபீஸ் பரிசோதனையில பாஸாகணும். கழட்டினதையெல்லாம் மாட்டிக் கொடுங்க. அப்புறம், எங்கம்மா பின்னாடி உக்காரணும். உக்கார முடியுமான்னு பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேன்."

"மத்ததெல்லாம் பரண்ல இருக்கு மேடம்."

"பின் சீட்டு?"

அவன் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். "அதுல எங்க அத்தை உக்காந்திருக்காங்க."

உண்மைதான். ஒன்பது வருடமாக அந்தச் சீட்டு நாலு மரக்கால்களோடு கூடத்தில், டிவிக்கு நேரே கிடந்தது. இடது குழி மாமியாருக்கு. வலது குழி ரிமோட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும்.

"அத்தை, கொஞ்சம் எழுந்திரிக்கணும்."

"எதுக்கு மாப்பிள்ளை? பெருக்கப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் மாமியார் கையைக் கட்டிக்கொண்டார். "கார் சீட்டுல ஒன்பது வருஷம் உக்காந்திருக்கேன். ஓரடி நகந்திருக்கேனா? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க, தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் பழையபடி மாட்டியாகிவிட்டது. முன் சீட்டை மடித்து, மாமியாரைப் பக்கவாட்டில் நுழைத்தார்கள். பயிற்சியாளர் ஓட்ட, பக்கத்தில் அவன். வாயைத் திறந்தால் எதையாவது உளறிவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படிம்மா இருக்கு பின்னாடி?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"தல கூரையில இடிக்குது. காலை நீட்ட வழியில்ல."

அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டான். பட்டியலில் மூன்றாவதும் நாலாவதும்!

"ஆனா சீட்டு தங்கம்மா! ஒன்பது வருஷத்துல ஒரு நாள் இடுப்பு வலின்னு சொல்லியிருப்பேனா? கேளுங்க மாப்பிள்ளைய. உங்கம்மா என்ன உயரம்?"

"என் தோளுக்கு வருவாங்க."

"அப்ப என்னைவிடக் குட்டை. தாராளமா உக்காரலாம்!"

இறங்கும்போது மாமியார் சிக்கிக்கொண்டார். ஆளுக்கொரு கையாக இழுத்து வெளியே எடுத்தபோது மூவருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அங்கேயே வியாபாரம் முடிந்தது.

பரிசோதனை முடிந்து வண்டி போன நாளில் அவன் வாசலில் நின்றான். பழைய கம்பெனி சைலன்சரோடு அது சத்தமே இல்லாமல் திருப்பத்தில் மறைந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவரும் ஜன்னலைத் திறந்து திட்டவில்லை. அது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

மாடியேறினான். கூடத்தில், கழற்றிய ரேஸ் சீட்டில் மாமியார் ஜம்மென்று உட்கார்ந்து, சிவப்பு பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நாலு கதவு வண்டி வரட்டும். ஆனா இதை யார் கேட்டாலும் நான் இறங்க மாட்டேன். டிவியப் போடுங்க."