சாமி எழுதிக் கொடுத்த கடிதம்

எங்கள் ஊர்ச் சாமியார் எம்.பி. ஆனதற்கு என் அப்பாவும் ஒரு காரணம். அப்பா மாதா கோயில் உபதேசியார். சாமியார் போக முடியாத ஊர்களுக்குச் சைக்கிளில் போய்ச் செபம் சொல்லிக்கொடுப்பவர். போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தபோது சாமியார் ரோட்டில் உட்கார்ந்தார், கூடவே அப்பாவும் உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் கட்சியில் சீட்டு கொடுத்தார்கள். சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர் வேண்டாமென்றார், இவர் கேட்கவில்லை. பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவமன்னிப்புக் கொடுக்கவும் தடை போட்டுவிட்டார்கள். அங்கி போய்க் கரைவேட்டி வந்தது. ஜெயித்து டெல்லிக்குப் போனார்.

போன வருஷம் அப்பாவுக்கு ஈரல் கெட்டு, டாக்டர் கையை விரித்துவிட்டார். சாவதற்குமுன் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. புதுச் சாமியார் தெற்கத்திக்காரர், தங்கமான மனுஷன், ஆனால் பழைய சாமியார் மாதிரி தெலுங்கு தெரியாது. எங்கள் வீட்டில் தெலுங்குதான்.

“ஊருக்கெல்லாம் தமிழ்லதானே செபம் சொல்லிக்குடுத்த?” என்றேன் எரிச்சலாக.

“செபம் வேறடா. மனசுல கெடக்கறது தமிழ்ல வராது. அவரயே கூட்டிக்கினு வா.”

ஷிப்டு முடிந்த கையோடு எம்.பி. ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தேன். ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு நாலு காரில் வந்து இறங்கினார். எழுந்து உட்காரக்கூட முடியாத மனுஷனுக்குக் கட்சிக்காரன் ஒருவன் சால்வை போட்டு போட்டோ எடுத்தான். பாவிப்பயல்! அவர்களை விரட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன்.

அப்பா தெலுங்கில் ஆரம்பித்தார். சாமியார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எனக்கு அதிகாரம் இல்லீங்களே, உபதேசியாரே.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, லெட்டர்பேடை எடுத்துப் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

“பரவால்ல சாமி. மழ வராப்பல இருக்குது, நீங்க கெளம்புங்க” என்றார் அப்பா.

மறுநாள் புதுச் சாமியார் வந்து சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசினார். அப்பா அவரிடம் பாவம் எதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

கல்லறைக்கு இடம் வாங்கிய சீட்டைத் தேடி அவர் டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. எம்.பி. ஆவதற்கு முன்னால் பழைய சாமியார் உபதேசியார்களுக்கு எடுத்த வகுப்பில் அப்பா எழுதிக்கொண்டது. ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்: ‘சாகக் கிடப்பவருக்கு, தடை போடப்பட்ட குருவும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம்.’

எம்.பி.க்குப் போனைப் போட்டு நாலு வார்த்தை கேட்கலாமென்று எடுத்தேன், வைத்துவிட்டேன். சொல்லிக்கொடுத்தவர் மறந்திருக்கலாம். அப்பா மறக்கிற ஆள் இல்லை. வீடு தேடி வந்த மனுஷனை வெட்கப்படுத்தக் கூடாதென்று, பாவத்தைச் சுமந்துகொண்டே போய்விட்டார்.