கேட்காமல் ஆய்ந்த பூ

அடுத்த கோடையில் மெல்பேர்ணிலிருந்து அக்கா வருகிறாள் என்று தெரிந்ததும், ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு போத்தல் பிரஷ் செடி வாங்கினேன். அவுஸ்திரேலியச் செடி, போத்தல் கழுவும் பிரஷ் போலவே சிவப்பாகப் பூக்கும். தன் வீட்டு வாசலில் நிற்கும் அந்தச் செடியைப் பற்றித் தொலைபேசி அட்டை தீரும்வரை கதைப்பாள். பதினெட்டு வருடங்களாக நாங்கள் நேரில் பார்க்கவில்லை. என் வீட்டில் அவள் விருந்தாளியாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வெயில் நாட்டுச் செடிக்கு எனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தேன். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் இருக்கும் என் வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் அப்படி ஓர் இடத்தில்தான் இருந்தேன். ஜனவரிக்குள் பாதி இலை கொட்டிவிட்டது. மேல்மாடி நோர்வேக்காரி பார்த்துவிட்டு, "அதற்குக் குளிர் வேண்டும், வெளிச்சமும் வேண்டும்" என்றாள். ஒஸ்லோவில் குளிர் போதவில்லை என்று முறைப்பட்ட முதல் ஆள் இந்தச் செடிதான். படிக்கட்டு ஜன்னலடியில் கொண்டுபோய் வைத்தேன். பிழைத்துக்கொண்டது. ஜூனில், அக்கா வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பால்கனிக்கு மாற்றியிருந்த செடியில் ஒரே ஒரு பூ விரிந்தது.

அக்கா வந்தாள்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி எடுக்கட்டே?" என்று கேட்டாள். குளிர்பெட்டியைத் திறக்கக் கேட்டாள். கதிரையில் இருக்கக்கூடக் கேட்டாள். தேத்தண்ணி கொடுத்ததற்கு "தாங்க்ஸ்" என்றாள். சின்ன வயதில் என் தட்டிலிருந்து மீன் பொரியலை ஒரு சொல் கேட்காமல் எடுத்தவள் இவள். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் வெட்டப் போனேன். பிறகு பூவைக் காட்டினேன். "வடிவாயிருக்கு" என்றாள், வைத்தியரின் காத்திருப்பு அறையில் மாட்டிய படத்தைச் சொல்வதுபோல.

மறுநாள் காலை நான் எழுந்தபோது செடியில் பூ இல்லை. அக்கா முழுகிவிட்டு, தலையில் துவாயோடு சாமித்தட்டின் முன்னால் நின்றாள். என் பூ பிள்ளையாரின் தலையில் இருந்தது. பிள்ளையாரைவிடப் பூ பெரிது.

"அக்கா, அந்தப் பூவை ஆய்ஞ்சிட்டீங்களே?"

"ஓம். வீட்டிலை நெடுக இதைத்தானே சாமிக்கு வைக்கிறனான்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"உன்னட்டை என்னத்துக்குக் கேக்கிறது?"

ஒரு குளிர்காலம் முழுக்க நான் காத்த ஒரே பூ. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. அக்கா என் நெற்றியில் திருநீற்றை இழுத்துவிட்டு, குசினிக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள்.