கருகின வாடை

அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் எந்த ஒயரையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். ஏற்காட்டுப் பனியில் எல்லாம் பூசணம் பூத்துப்போகுமாம். அண்ணனின் கம்ப்யூட்டருக்குக் கலர் லைட் பட்டை அவரிடம்தான் வாங்கினோம். அந்த ஐந்து வோல்ட் பட்டையை அவர் மாட்டித்தர வருவதற்கு முந்தின நாளே பன்னிரண்டு வோல்ட் பின்னில் அழுத்தி மாட்டிக் கருக்கியவன் நான். அண்ணனுக்குத் தெரியாது.

வந்ததும் கடைக்காரர் பட்டையை மோந்தார். மதர்போர்டில் வளைந்திருந்த பின்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, யாராச்சும் மாட்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அண்ணன் எட்டிப் பார்ப்பதற்குள் முதுகால் மறைத்துக்கொண்டு பின்னை நிமிர்த்தினார். "நான் குடுத்த பட்டையே பழுதுங்க. வேற போட்டுத் தர்றேன்."

புதுப் பட்டை நீலமாக எரிந்தது.

"பழுதானதை எங்க தலையில கட்டுனீங்களே, நொம்ப நல்லா இருக்குதுங்க!" என்று அண்ணன் சீறினார். கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.