‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்தவர்

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு ஆங்கில இலக்கணப் பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய், பழைய புத்தகக் கடையில் தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதில் நான் தேய்த்துத் தேய்த்துப் படித்த அத்தியாயம் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் பற்றியது.

தமிழில் ‘கொள்’ என்பதை வினையோடு ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது. வெட்டிக்கொண்டான், தேற்றிக்கொண்டான், அறிமுகப்படுத்திக்கொண்டான். ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல் வேண்டும். எல்லா வினைக்கும் வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. அறிமுகம் செய்கிற ‘இன்ட்ரடியூஸ்’ யாரை என்று கேட்கும். குளித்தேன், சவரம் செய்தேன் என்பவை கேட்காது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் வேறு வேலை: ‘த மேனேஜர் ஹிம்செல்ஃப்’ என்றால் மேனேஜரே வந்தார் என்று பொருள். நாம் ஓர் ஏகாரத்தில் முடிப்பதற்கு அவர்கள் முழுச்சொல் செலவழிக்கிறார்கள். இதையெல்லாம் நானே கண்டுபிடித்ததுபோலத் திரிந்தேன். வயது இருபத்திரண்டு. என்ஜினியரிங் முடித்த டிரெய்னி. யாராவது வாயைத் திறந்தால் பிழை பொறுக்கக் காத்திருப்பேன்.

எங்களுடையது காருக்கான தகட்டுப் பாகங்களை பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஆபரேட்டர்களிடமே நேராகக் கேள்வி கேட்பார்கள் என்பதால், தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் மஞ்சள் கோட்டருகே எல்லோரும் கூடி நிற்க, ஒருவர் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று வைத்தார்கள். நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எனக்கு அது சலித்துவிட்டது. எவரும் முன்னேறுவதாகத் தெரியவில்லை. அப்போதுதான் சிவப்பு அட்டை யோசனை வந்தது.

பழுதான பாகத்தில் ‘ரெட் டேக்’ என்கிற சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டித் தனியே வைப்பது எங்கள் கம்பெனியில் வழக்கம். என்ன பழுது என்று அதில் எழுதியிருக்கும். கட்டியவர் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. நான் அதே அட்டையை, தப்பாகப் பேசியவரின் சட்டைப்பை பட்டனில் கட்ட ஆரம்பித்தேன். என்ன தப்பு என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பத்து மணி டீ வரைக்கும் அதோடுதான் மிஷினில் நிற்க வேண்டும். விதியும் அதேதான்: நான் அவிழ்த்தால்தான் உண்டு.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் கற்பித்தலின் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

அதிகம் அட்டை வாங்கியவர் மூன்றாம் பிரஸ்ஸில் நின்ற ஒருவர். உத்தனப்பள்ளிக்காரர். எட்டு வருடமாகக் கான்ட்ராக்ட். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே டை என்கிற அச்சு தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். பர்மனென்ட் ஆட்களை எடுக்கப் போவதாகவும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்றும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இதை விட்டால் அந்தக் கேட்டுக்குள் அவருக்கு வேறு வழியில்லை. இன்டர்வியூவில் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சார், அந்த ரெண்டு நிமிசத்த மட்டும் எனக்கு வாய்ல ஏத்தி வுட்ருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது நாளே ஐந்து வரி மனப்பாடம். முதல் வரிதான் முரண்டு பிடித்தது. ‘லெட் மீ இன்ட்ரடியூஸ் மைசெல்ஃப்’ என்று தொடங்கச் சொன்னால், “மைசெல்ஃப், உத்தனப்பள்ளி” என்று தொடங்குவார்.

“மைசெல்ஃப் முதல்ல வராதுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வெர்ப் வேணும்.”

“எச்.ஆர். சாரே அப்டித்தான சார் சொல்றாரு? மீட்டிங்ல மைக்கப் புடிச்சாலே மைசெல்ஃப்னுதான ஆரம்பிக்கறாரு?”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. எச்.ஆர். மேனேஜருக்கு அட்டை கட்ட எனக்குத் துணிவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் இவர் சட்டையில் கட்டினேன். அந்த வாரம் நான்கு நாள் அவரைப் பேசவைத்தேன். நான்கு நாளும் அட்டை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவன், “அண்ணே, பாத்து நில்லுங்க. உங்களையும் ஸ்கிராப்புனு லாரில ஏத்திப்புடுவாய்ங்க” என்பான். அவர் முதலில் கூடவே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அட்டையைக் குனிந்து பார்க்காமல் ஷீட்டை எடுத்து டையில் வைத்துக்கொண்டிருப்பார்.

இன்டர்வியூ அன்று காலையும் அவரையே கூப்பிட்டேன். கடைசி ஒத்திகை என்று எனக்குள் சமாதானம். அவர் கை கட்டி நின்று, “சார், இன்னிக்கு வேணாமே. மதியம் அங்க பேசிக்கறேன்” என்றார்.

“இங்க எழுபது பேர் முன்னாடி வராதது அங்க மூணு பேர் முன்னாடி வருமா?”

அவர் வாயைத் திறந்தார். “மைசெல்ஃப்” என்று வந்தது. எழுபது பேரும் ஒரே குரலில் ஓவென்றார்கள். நான் அட்டையில் ‘மைசெல்ஃப்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் பட்டனில் முறுக்கினேன்.

மதியம் என்றிருந்த இன்டர்வியூவை, பிளான்ட் ஹெட் சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் ஒன்பதரைக்கே தொடங்கினார்கள். ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போட என்னையும் கூப்பிட்டு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நான்காவதாக அவர் வந்தார். மிஷினிலிருந்து நேராக வந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது. அட்டை பட்டனில் அப்படியே இருந்தது.

அவர் கதவருகே நின்று என்னைப் பார்த்தார். வந்து அவிழ்த்துவிடு என்று கேட்கிற பார்வை. எழுந்து போக நான்கு அடிதான். பெரிய ஆட்கள் முன்னால் எழுந்துபோய் ஓர் ஆபரேட்டரின் சட்டையைத் தொட வேண்டுமே என்று கூசினேன். அவரே பிய்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று எரிச்சலும் வந்தது.

எச்.ஆர். மேனேஜர் கணீரென்று தொடங்கினார்: “மைசெல்ஃப், எச்.ஆர். மேனேஜர்.” நான் பணிவாகப் புன்னகைத்தேன்.

பிளான்ட் ஹெட் அட்டையைக் காட்டி, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கு விடை நான் எழுதிக் கொடுத்த ஆறு வரியில் இல்லை. அவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் மதிப்பெண் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பிளான்ட் ஹெட் இன்னொரு முறை கேட்டார். மின்விசிறிக் காற்றில் அட்டை படபடத்தது. அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்னப்பா, ரெட் டேக் போட்டத எல்லாம் உள்ள அனுப்பறீங்க?” என்றார் பிளான்ட் ஹெட். எச்.ஆர். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

பேசாதவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? பூஜ்யம் போட்டேன். பத்து மணி டீக்கு அவரைத் தேடிப் போய் அட்டையை அவிழ்த்தேன். கம்பி முறுக்கில் பட்டனும் கையோடு வந்தது. “பரவால்ல சார்” என்றார்.

மூன்றாம் வாரம் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம், ராயக்கோட்டை ரோட்டில் அவர் ஊர்ப்பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் நானும் ஏறினேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்று, எத்தனையோ சொற்கள் இருக்க, “டோன்ட் ப்ளேம் யுவர்செல்ஃப்” என்றேன். சொன்ன அந்த நொடியிலும், ‘ப்ளேம்’ யாரை என்று கேட்கும் வினை, சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று மனது ஒரு டிக் அடித்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெலுங்கில் பேசினார். அவர் வீட்டில் தெலுங்கு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நிதானமாக, தடுமாற்றமே இல்லாமல், நான்கைந்து வாக்கியம். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. பஸ்ஸில் பாதிப் பேருக்குப் புரிந்தது. முன் சீட்டில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னால் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது.

கம்பியைப் பிடித்தபடி நின்றேன். என்ன சொன்னார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் அந்த ஆள், கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு. “நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்குங்க.”

இறங்கிக்கொண்டேன்.