உல்ரிச்சுக்கு நம்மவர் போட்ட இனிஷியல்

பழைய பதிவேடுகளில் ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில். இதில் செத்தவர்கள் யாரும் தொந்தரவு தருவதில்லை, அவர்கள் பெயரை எழுதிவைத்த குமாஸ்தாக்கள்தான் உயிரை வாங்குவார்கள். ரங்கூனில் சொந்தக்காரரைத் தொலைத்துவிட்டு வெளிநாட்டிலிருந்து தேடி வருகிறவர்களுக்காக சர்ச், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் என்று அலைகிறேன். இதே பிழைப்பில் தூசி தின்று தும்மிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

திரும்பி வந்த உறை

வெரேனா அம்மாவுக்கு எழுபது வயது. சுவிட்சர்லாந்திலிருந்து தனியாக வந்திறங்கி, ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் கரண்ட் இல்லாத படிக்கட்டில் மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார். எனக்கே மூச்சு வாங்கும். அவர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். அவருடைய தாத்தா ஹான்ஸ். ஹான்ஸின் அண்ணன் உல்ரிச் ஏபர்சோல்ட், வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ஓர் அரிசி ஆலையில் மெஷின் பார்க்க வந்தவர். ஆலை மூடியதும், "இங்கேயே கல்யாணம் செய்துகொண்டேன், இந்த விலாசத்துக்கு எழுது" என்று தம்பிக்குக் கடிதம் போட்டார். தம்பி உடனே பதில் எழுதினார். அந்தப் பெயரில் அங்கே ஆளே இல்லை என்று அது திரும்பி வந்தது. அண்ணன் பொய் விலாசம் கொடுத்து உறவை அறுத்துவிட்டான் என்றே ஹான்ஸ் சாகும்வரை நினைத்தாராம். உண்மையில் உல்ரிச் தம்பியை மறந்துவிட்டாரா, இல்லையா? அது ஒன்றுதான் வெரேனா அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

அந்த உறையை என் மேஜையில் வைத்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. இத்தனை வருஷமும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"அது எங்களுக்கு எழுதினது இல்லையே," என்றார்.

சாமுவேல் அண்ணனின் பீரோ

விலாசத்தில் இருந்த தெரு எங்கள் தமிழ்ச் சர்ச்சுக்குப் பின்தெருதான். சர்ச் பதிவேடுகள் சாமுவேல் அண்ணன் பொறுப்பு. பெரிய புயல் அடித்த அன்றைக்கு, தன் வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, அத்தனை புத்தகங்களையும் போர்வையில் சுற்றி, பீரோ மேல் ஏற்றிவைத்துக் காவல் இருந்தவர். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கூரையைக் காணோம். இப்படி ஒரு மனிதர் இல்லாவிட்டால் நம் தொழில் என்றைக்கோ படுத்திருக்கும். ஒன்பது நாள் உட்கார்ந்து ஏபர்சோல்ட்டைத் தேடினோம். ஏபர்சோல்ட் இல்லை. ஏபிரகாம்தான் ஏகப்பட்ட பேர். அந்தப் புயல் நாளைப் பற்றி அப்போதுதான் கேட்டேன்.

"கூரைக்குத் தகரம் கிடைக்கும் தம்பி, இதுக்கு எங்க போறது?" என்றார்.

மிஸ்டர் மோசஸ்

வெரேனா அம்மா என்னை முதல் நாளிலிருந்தே "மிஸ்டர் மோசஸ்" என்றுதான் கூப்பிட்டார். நான் எம். ஸ்டீபன். வெளிநாட்டுக்காரர்களுக்காக என் விசிட்டிங் கார்டில் ஸ்டீபன் மோசஸ் என்று விரித்துப் போட்டிருந்தேன், ஆனால் மோசஸ் என் அப்பா. பத்தாவது நாள் பொறுக்க முடியாமல், "அம்மா, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்வோம். மோசஸ் செத்து இருபது வருஷமாச்சு" என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்து, "உல்ரிச்சோட அப்பா பேரு ஜேக்கப்" என்றார். எனக்குத் தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. தமிழனாய்ப் பிறந்தும் இது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. சர்ச்சுக்கு ஓடினேன்.

இருந்தார் மனுஷர். ஜே. உல்ரிச், மணமகள் அருள்மணி. குமாஸ்தா பெயரைக் கேட்டிருக்கிறார், தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறார், நமக்கெல்லாம் போடுவது போலவே இனிஷியல் போட்டு முடித்துவிட்டார். ஏபர்சோல்ட் என்பதை எதற்கென்று விட்டுவிட்டார் போலும். அந்தத் தெருவுக்கும் அவர் ஜே. உல்ரிச்தான். தபால்காரர் ஏபர்சோல்ட் யார் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? சாமுவேல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம குமாஸ்தா அவரைத் தமிழனாக்கிட்டுத்தான் தாலி கட்டவே விட்டிருக்கான்."

ஊ ஜொஹானா

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு மகள் கிடைத்தாள். உல்ரிச்சின் மகள் என்பதால் ஆங்கில யூ எழுத்தை இனிஷியலாகக் கொண்டு, யூ. ஜொஹானா. அவளுடைய கல்யாணப் பதிவில் தொழில் ஆசிரியை என்று இருந்தது. பழைய ஆசிரியர் பட்டியல் இருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியைகள் பட்டியலில் ஜொஹானா இல்லை. அங்கே வேலை செய்யும் மா தீரி என்ற பெண், சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு மூன்று கட்டுகளைப் புரட்டினாள். நமக்காக யார் இப்படிச் செய்வார்கள்? கடைசியில் ஆண்கள் பட்டியலில் போய்ப் பிடித்தாள். பர்மியில் பெரிய ஆண்களுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல் 'ஊ', என்னைப் போன்றவர்களுக்கு 'கோ'. ஆங்கிலத்தில் அதற்கும் அதே யூ எழுத்துதான். பிற்பாடு பட்டியலைப் பர்மியில் எழுதியவர் அதைக் கண்டு, ஜொஹானாவை ஒரு பெரிய மனிதராக்கிவிட்டார். மா தீரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நீட்டினாள்.

"கோ ஸ்டீபன், இந்த ஊ பிரசவ லீவு எடுத்திருக்காரே."

தம்பி பெயர்

வெரேனா அம்மாவிடம் இந்தக் கூத்தைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜொஹானா என்ற பெயரை இரண்டு முறை எழுதிக் காட்டச் சொன்னார்.

"ஹான்ஸ்ங்கிறது வீட்டுல கூப்பிடுற பேரு. தாத்தாவோட முழுப் பேரு ஜொஹானஸ்," என்றார்.

தின்கன்ஜூன்

பட்டியலில் இருந்த பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன், ஜொஹானா இப்போது இல்லை. அவர் மகள் செலினா இதே ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் இருக்கிறார். அம்மாவைப் போலவே டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்ஸி பிடித்துப் போனோம். நான் பர்மியும் தமிழுமாக விவரம் சொன்னேன். செலினா கதவருகிலேயே நின்றார், உட்காரச் சொல்லவில்லை. "எங்க தாத்தா சாகுறவரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கிட்டே இருந்தாராம். பதில் போடாத தம்பி வீட்டு ஆளுங்களா இவங்க?" என்று கேட்டார். எத்தனையோ காகிதங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேவையும் படவில்லை. வெரேனா அம்மா பையிலிருந்து உறையை எடுத்து, இந்த ஊர் வழக்கப்படி வலது கையில் வைத்து இடது கையால் தாங்கி நீட்டினார். எப்போது கற்றுக்கொண்டாரோ! செலினா முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், கொண்டை ஊசியை எடுத்து உறையைக் கிழித்தார். ஜெர்மன் எழுத்து. வெரேனா அம்மா முதல் வரியைப் படித்துச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: "அண்ணா, உன் கடிதம் கிடைத்தது, அம்மா இரண்டு நாளாக அழுதுகொண்டே சிரிக்கிறாள்." செலினா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க அக்கா, மிச்சத்தையும் படிங்க."

ஆக சகோதர சகோதரிகளே, எங்கள் பின்தெருவிலிருந்து தின்கன்ஜூனுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் நம்மவர் இனிஷியலுக்குப் பின்னால் வைத்த ஒரு புள்ளியால் அந்தக் கடிதம் சுவிட்சர்லாந்து வழியாகப் போய்ச் சேர வேண்டியதாயிற்று.